ஏலத்தில் போன தையல் மெஷின்

இருபது வருடமாக டைரி எழுதுகிறேன். அதில் ஒரே ஓர் அடித்தல்தான் இருக்கிறது.

அந்தமானில், கராச்சர்மாவில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையன்று, காணிக்கையாக வந்த பொருள்களை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அம்மா மெயின்லேண்டிலிருந்து கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கைத் தையல் மெஷினை அந்த வருடம் கொடுத்தேன். எனக்குத் தைக்கத் தெரியாது. ஆனாலும் அதைப் பிரிய மனமில்லை. ஏலத்தில் நானே எடுத்துவிடலாம் என்றிருந்தேன். காலையிலேயே டைரியில், "மெஷினைப் படைத்தேன், திரும்ப எடுத்தேன்" என்று எழுதியும் வைத்துவிட்டேன்.

சௌல்தாரியிலிருந்து வந்திருந்த எஸ்தர் விடாமல் கேட்டாள். நானும் விலையை ஏற்றிக்கொண்டே போனேன். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அரே அக்கா, நீங்க குடுத்ததுதானே இது? ஆண்டவருக்கு என்ன, இரவலா குடுத்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"ரெண்டு தரம்..." என்று உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் அதற்கு மேல் விலை கேட்கவில்லை.

எஸ்தர் அங்கேயே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். அம்மா போனபின் நான் கேட்டேயிராத அந்தச் சத்தம் கோயில் வாசலில் கேட்டது.

வீட்டுக்கு வந்து, "திரும்ப எடுத்தேன்" என்பதை அடித்தேன். மீதி வரி அப்போதுதான் உண்மையானது.