பக்கத்து சீட்டு பெடல்

கண்ணகி அக்காவை வேலையைவிட்டு நிறுத்தியதற்கு டிரைவிங் ஸ்கூல் முதலாளி திருவேங்கடம் சொன்ன காரணம், அவர் காரில் காலை மடித்து உட்கார்ந்தார் என்பது. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஏன் மடித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்காவுக்குச் செய்யூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவின் டிராக்டரில் சவுக்குக் கட்டை ஏற்றிப்போய்ப் பழகியவர். கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்த பிறகு லைசென்ஸ் எடுத்து, சில வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். 2002இல் திருவேங்கடம் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பெண் சொல்லிக்கொடுத்தால் பெண்கள் நிறையச் சேர்வார்கள் என்று நினைத்தார். சேர்ந்தார்கள்.

அடுத்த வருடம் சேர்ந்த எங்கள் குழுவில் மூன்று பேர்: நான், நர்சிங் படித்துக்கொண்டிருந்த அனு, திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த ஸ்ரீதேவி. ஒருவர் ஓட்டும்போது மற்ற இருவரும் பின்சீட்டில் இருப்போம்.

டீச்சர் அங்கே வருவது இரண்டாவது முறை. முன்பு முத்துசாமி என்ற பயிற்சியாளரிடம் முழுப் பயிற்சியும் முடித்திருந்தார். தினமும் “சூப்பர் மேடம், நல்லா ஓட்டுறீங்க” என்றுதான் முத்துசாமி சொல்வாராம். அதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் லக்ஷ்மிநாராயணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக் காரை எடுத்தார். கேட்டைத் தாண்டுவதற்குள் கார் மூன்று முறை செத்தது. நாலாவது முறை துள்ளிக்கொண்டு போய் எதிர்வீட்டுச் சுவரில் முட்டியது. கணவர் அதைச் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் போகிறவர். கார் வீட்டில் உறைபோட்டு நிற்கும். டீச்சர் டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவார். தனக்கு மூளை இல்லை என்றே அவர் முடிவுகட்டியிருந்தார். கணக்கு டீச்சர்!

முதல் நாளே கண்ணகி அக்கா விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“டீச்சர், என் கால்கிட்ட பாருங்க. இன்னா கீது?”

“பெடல்.”

“கிளட்ச்சு ஒண்ணு, பிரேக் ஒண்ணு. நான் இங்க மிதிச்சா உங்க பெடலும் தானா எறங்கும். நீங்க மிதிச்ச மாதிரியே இருக்கும். முத்துசாமி அண்ணன் கூட நீங்க ஓட்டவே இல்ல டீச்சர். அவருதான் ஓட்டினாரு. நீங்க ஸ்டேரிங்க புடிச்சிகினு ஊர் சுத்திப் பாத்தீங்க.”

டீச்சர் குனிந்து அந்தப் பெடல்களைப் பார்த்தார். பிறகு, “அப்ப எதுக்கு நல்லா ஓட்டுறீங்கன்னு சொன்னாரு?” என்றார்.

“கத்துக்கறவங்க தப்பு பண்ணா கிளட்ச் பிளேட்டு தேயும், நேரம் ஆவும். மொதலாளிக்கு ரெண்டும் ஆவாது. பாராட்டுனா எவ கேள்வி கேப்பா?”

இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. திட்டுகிற வாத்தியாரை மன்னித்துவிடலாம். நம் பெடலைத் தன் காலால் மிதித்துவிட்டு, நீயே செய்தாய் என்று முதுகில் தட்டுகிறவரை எப்படி மன்னிப்பது?

“சரி, நீங்க மட்டும் மிதிக்க மாட்டீங்கன்னு எப்படி நம்பறது?” என்று டீச்சர் கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

அக்கா செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டார். வலது கையை ஹேண்ட்பிரேக் மேல் வைத்தார்.

“நம்ப வேணாம். பாத்துக்குங்க.”

ரோட்டில் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. கொளவாய் ஏரிப் பக்கம் மனை போட்டு விற்காமல் கிடந்த லேஅவுட்டில் மட்டும்தான். தார் போட்ட தெருக்கள் இருந்தன. வீடும் இல்லை, ஆளும் இல்லை. அங்கே முதல் கியரில் ஊர்ந்துகொண்டுதான் டீச்சர் கற்றுக்கொண்டார். கார் நூறு முறை செத்திருக்கும். அக்கா ஒருமுறைகூட நல்லா ஓட்டுறீங்க என்று சொல்லவில்லை. “செத்துடுச்சா? எழுப்புங்க” என்பார். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் டீச்சர் அக்காவின் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

“அக்கா, எனக்கும் கால மடிச்சிக்குங்க” என்றாள் அனு.

“நீ ஆஸ்பத்திரியில எவனுக்காவது ஊசி போடும்போது நானும் வந்து படுத்துக்கறேன், அப்ப சமமா பூடும்” என்றார் அக்கா. ஆனாலும் மடித்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் திருப்பத்தில் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பியதில் மனை எல்லைக்கல் ஒன்று இடதுபக்கக் கதவை நீளமாக உரசியது. கார் நின்றது. டீச்சர் அக்கா பக்கம் திரும்பினார்.

“நீங்க பிரேக் புடிச்சிருக்கலாம்ல?”

“கல்லு தான டீச்சர். ஆளா இருந்தா என் கை சும்மா இருந்துருக்குமா? ரிவர்ஸ் எடுங்க.”

டீச்சரே ரிவர்ஸ் எடுத்தார். கல்லில் மறுபடி படாமல், ஒரே மூச்சில். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை அவரிடம் பார்த்ததில்லை.

அன்று மாலையே திருவேங்கடம் லக்ஷ்மிநாராயணனை வரவழைத்தார். ஆபீஸ் அறையில் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார்.

“இன்னாம்மா, கால மடிச்சி ஒக்கார்றியாமே, அந்தப் பெடல அழகுக்கா வெச்சிகீது?”

“தெரிஞ்சிதான் மிதிக்கல மொதலாளி. கத்துக்கும்போது உரசும்.”

“சரி வுடு. சாராண்ட சொல்லிடு. மேடத்துக்குக் கை பழகல, திரும்ப மொதல்லருந்து வரணும்னு. கார நான் பாத்துக்கறேன். நீ திங்கக்கெழம வழக்கம்போல வா.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு வரி சொன்னால் வேலை தங்கும்.

லக்ஷ்மிநாராயணன் சிரித்தார். “நான் அப்பவே சொன்னேன். இவளுக்கு கரும்பலகை போதும்.”

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றித்தான் பேச்சு. அவரிடம் யாரும் பேசவில்லை.

“சார்,” என்றார் கண்ணகி அக்கா, “உரசினது டீச்சர்தான். உரசினப்புறம் பதறாம வண்டிய எடுத்ததும் டீச்சர்தான். இன்னும் ஒரு வாரத்துல உங்கள ஒக்கார வெச்சி மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிகினு போவாங்க. மொதல்லருந்து வர வேண்டியது இல்ல. மொத தபா வந்தப்ப இங்க யாரும் கத்துக்குடுக்கல, அது மட்டும் நெஜம்.”

திருவேங்கடம் சாவிக்காகக் கையை நீட்டினார். அக்கா சாவியை வைத்துவிட்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை முத்துசாமி வந்தார். டீச்சர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். ஒன்றும் பேசாமல் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து காரை எடுத்தார். முத்துசாமி ரோட்டைப் பார்த்தபடி வழக்கம்போல வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஜி.எஸ்.டி. ரோடு சிக்னல் வந்தது. கார் ஒரு குலுக்கல் இல்லாமல் வேகம் குறைந்து, வெள்ளைக் கோட்டில் அழகாக நின்றது.

“சூப்பர் மேடம். நல்லா நிறுத்துனீங்க.”

“கொஞ்சம் கீழ பாருங்க சார்” என்றார் டீச்சர்.

நாங்களும் எட்டிப் பார்த்தோம். டீச்சரின் இரண்டு கால்களும் பெடல்களைவிட்டு விலகி, சீட்டுக்கு அடியில் இருந்தன.

முத்துசாமி மெல்வதை நிறுத்தினார். டீச்சர் இன்ஜினை அணைத்தார். பச்சை விழுந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

“மேடம், எடுங்க மேடம். டிராஃபிக் மேடம்.”

“நீங்கதான ஓட்டிட்டு வந்தீங்க? நீங்களே எடுங்க” என்று சொல்லிவிட்டு டீச்சர் கதவைத் திறந்து இறங்கினார். அனுவும் நானும் இறங்கினோம்.