கம்ப்யூட்டருக்குத் தைத்த உறை

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் உறை போடாத சாமான் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். அந்த அளவுக்குத் துணி கிடைக்காததால் அது தப்பியது. டிவிக்கு உறை, டேப் ரெக்கார்டருக்கு உறை, டெலிபோனுக்கு ஓரத்தில் லேஸ் வைத்த குட்டி உறை. ஆகவே என் கணவர் கம்ப்யூட்டரை வாங்கி வந்து முன்னறையில் வைத்த அன்றே நான் அளவு நாடாவை எடுத்துவிட்டேன். பழைய வெல்வெட் திரைச்சீலை ஒன்றைப் பிரித்து, பெட்டிக்கும் அதன் தலையில் இருந்த மோடத்துக்கும் சேர்த்து ஒரே உறையாகத் தைத்தேன். மோடம் என்பது டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டி. அதை முழுக்க மூடி, கீழே சுவிட்ச் இருக்கும் இடத்தில் மட்டும் சன்னல்போல ஒரு திறப்பு விட்டேன். உறையோடேயே கம்ப்யூட்டரைப் பாவிக்கலாம். வந்தவர்கள் நல்ல தையல் என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் அந்தக் கம்ப்யூட்டர் பாதி வழியில் நின்றுவிடத் தொடங்கியது. திரையில் எழுத்துகள் அப்படியே இருக்கும். அம்புக்குறி அசையாது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஏனென்று கேட்காது. முதலில் எப்போதாவது, பிறகு போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே.

வியாதி வந்தால் ஊரெல்லாம் வைத்தியர். பாபகூராவில் கணவரோடு ஃபேக்டரியில் வேலை செய்தவர் வைரஸ் என்றார். கோயிலில் கண்டவர் மெமரி போதாது என்றார். கணவர் கம்ப்யூட்டரில் இருந்த தன் சீட்டு விளையாட்டைத் தியாகம் செய்து அழித்தார். ராகு காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்த சாமான் உருப்படுமா என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் திரைக்கு மேல் திருநீறும் பூசினேன்.

ஏவன்டேலில் இருந்த தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்குக் கம்ப்யூட்டர்தான் தொழில். அவரை ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். விருந்தாளி வரும்போது உறையைக் கழற்றி, துடைத்து, சாமானைச் சாமானாகக் காட்டுவதுதான் எங்கள் வீட்டு மரியாதை. அப்படியே கழற்றி வைத்தேன். அவர் பின்னேரம் முழுதும் அதைப் போட்டுத் தட்டிப் பார்த்தார். ஒருமுறைகூட அது நிற்கவில்லை. நன்றாகத்தானே ஓடுகிறது என்று சிரித்தார். போகும்போது ஒரு புத்தி சொன்னார். மறுபடி நின்றால் உடனே பிளக்கைப் பிடுங்கக் கூடாது, ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும், கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். அவர் காரில் ஏறியதும் நான் உறையைத் திரும்பப் போட்டேன். அடுத்த நாளே அது நின்றது. ஆளைப் பார்த்து நடிக்கிற சாமான் என்று அதைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற கதைதான், அந்த நேரத்தில் அம்மா கொழும்புக்கு வந்திராவிட்டால்.

லண்டனில் இருந்த என் ஒன்றுவிட்ட அண்ணன்தான் போன் எடுத்துச் சொன்னார். அம்மா கண் காட்டுவதற்காக, சண்டையில் தரைப்பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய், யாரோ தெரிந்தவர்களோடு ஒரு லொட்ஜில் நிற்கிறார். லொட்ஜ் நம்பர் அண்ணனுக்குத் தெரியாது. அம்மாவிடம் எங்கள் நம்பர் இருக்கிறது, போன் கடையிலிருந்து எடுப்பார், வீட்டில் நில்லுங்கள் என்றார். யாழ்ப்பாணத்தில் அப்போது எங்கள் பக்கம் போனே இல்லை. அம்மாவின் குரலைக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

அவருக்குச் சொல்ல எங்களிடம் ஒரு விஷயம் இருந்தது. திரும்பிக் கப்பல் ஏற வேண்டாம், கொழும்பிலேயே நில்லுங்கள், விசாவுக்குப் போடுகிறோம். இவ்வளவுதான். அம்மா திரும்பிப் போவதற்கு முன்னால் இதை அவர் காதில் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் அவர் எங்களிடம் வந்துவிடுவார் என்று நினைத்தேன். சின்ன அறையை ஒதுக்கிக் கட்டிலும் போட்டாயிற்று.

கொழும்பிலிருந்து போன் வரவிருக்கும் வீட்டுக்கு ஒரு விரதம் உண்டு, எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒருவரும் ரிசீவரைத் தொடக் கூடாது. நாங்கள் எடுக்கிற நேரத்தில்தான் அங்கிருந்து வரும் என்ற பயம். தெரிந்தவர்களுக்கெல்லாம், அம்மாவின் கோல் வரவிருக்கிறது, தயவுசெய்து எங்களுக்கு எடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவர்களும் எங்கள் ஆட்கள், சொல்லாமலே விளங்கிக்கொண்டார்கள். அங்கே காலையில் கடை திறக்கிற நேரம் இங்கே பின்னேரம். வேலையால் வந்ததும் நான் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். வெங்காயம் உரிப்பதும் அங்கேதான்.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. கப்பல் எப்போது வெளிக்கிடுகிறதோ என்ற பதற்றத்தில் நான்தான் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா இன்டர்நெட்டிலை பாருங்கோ. கப்பல் எப்ப எண்டு போட்டிருப்பாங்கள். அஞ்சு நிமிஷம்தானே."

அவர் தயங்கினார். லைன் வேண்டுமே என்றார். அஞ்சு நிமிஷத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நான் சீறினேன். அந்த நாட்களில் என் சீற்றத்துக்கு முன்னால் அவர் வாதாடுவதில்லை. போட்டார். மோடம் கீச்சிட்டு இணைந்தது. செய்திப் பக்கம் பாதி வந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. நண்பர் சொன்ன புத்தி எங்களுக்கு நல்ல ஞாபகம். பிளக்கில் கை வைக்காமல் அப்படியே விட்டோம். எல்லாம் நின்றுவிட்டது என்றால் லைனும் விடுபட்டிருக்கும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். ரிசீவரைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைத்தான் தொடக் கூடாதே. படுக்கப் போகும்போது, இனி எழும்பாது என்று கணவர் சுவிட்சை அணைத்தார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பின்னேரமானதும் நான் கப்பலைப் பார்க்கச் சொல்வேன், அது பாதியில் நிற்கும், நாங்கள் அது எழும்பும் என்று விட்டுவைத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளூர்க் கோலுக்குக் காசில்லாத நாடு. லைன் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தாலும் ஒரு பில்லும் காட்டிக்கொடுக்காது. அம்மா எங்களை மறந்துவிட்டாரா, அல்லது கண்ணில் ஏதும் சிக்கலா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர்மேல் கோபம்கூட வந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு கோல் எடுக்க இவ்வளவு நாளா என்று வாய்விட்டுக் கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் என் முகம் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் கணவர் அந்த நண்பரைக் கண்டு பின்னேரம் வரச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார். கணவர் கொஞ்ச நேரம் முன்புதான் போட்டு இணைத்திருந்தார், அதுவும் வழக்கம்போல நின்றிருந்தது. நான் உறையைக் கழற்ற ஓடிப் போவதற்குள் அவர் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். அடுப்புச் சட்டிபோலச் சுடுகிறது என்றார். பின்பக்கத்தில் காற்றாடி மூச்சுவிடும் இடத்தை என் வெல்வெட் அடைத்துக்கொண்டிருந்தது. அவர் முதல்முறை வந்தபோது அது ஏன் நிற்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கத்தில் நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் உறையை முழுக்க உருவினார். உள்ளே மோடத்தில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

"அக்கா, கம்ப்யூட்டர்தான் நின்னுருக்கு, மோடம் நிக்கலை. லைனைப் பிடிச்சுகிட்டுதான் இருக்கு. இப்ப யார் போன் பண்ணாலும் எங்கேஜ்டுன்னுதான் வரும்."

எனக்குச் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஊர்ச் செய்தி தேடிப் பிடித்து வைத்திருந்த லைனுக்கு வெளியே, ஊரிலிருந்து வந்த என் அம்மா நின்றிருக்கிறார். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

நண்பர் மோடத்தின் வயரைப் பிடுங்கினார். அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றி, அது ஆறுவதற்குள் போன் அடித்தது. லேஸ் உறையோடேயே ரிசீவரைத் தூக்கினேன்.

அம்மா திருகோணமலையிலிருந்து கதைத்தார். கண் காட்டி மருந்து எடுத்தாயிற்று, கொழும்பில் நிற்க அனுமதி தந்த நாட்களும் முடிந்துவிட்டன, சாமான்கள் கப்பலுக்குப் போய்விட்டன, விடிந்தால் பயணம் என்றார். நான் மனப்பாடம் செய்து வைத்ததை மூச்சுவிடாமல் கொட்டினேன். கப்பல் ஏறாதீர்கள், திரும்பிக் கொழும்புக்குப் போங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம்.

"இனி எப்பிடிப் பிள்ளை? எல்லாரோடையும் பேர் குடுத்தாச்சு. தனிய நான் எங்கை திரும்பிப் போறது? முதலே தெரிஞ்சிருந்தா நிண்டிருப்பன்."

குறையாகச் சொல்லவில்லை. விலை கேட்டு வாங்காமல் விட்ட மரக்கறியைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். நான் அழத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு நாளும் எடுத்தீர்களா என்று அழுகையோடு கேட்டேன்.

"முதல் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியோடை போச்சு, பிறகு நெடுக எடுத்தனான். எங்கேஜாக் கிடந்தது. அதுக்கேன் அழுகிறாய்? மணி அடிச்சு ஒருத்தரும் எடுக்காட்டித்தான் எனக்குப் பயம். எங்கேஜ் எண்டா வீட்டிலை ஆள் இருக்கு, நாலு சனத்தோடை கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு சுகமா இருக்கிறாய் எண்டு விளங்கும்தானே. கடைக்காரப் பெடியன் அதுக்குக் காசும் எடுக்கிறேல்லை. பிறகு பிறகு அந்தச் சத்தத்தைக் கேக்கிறதுக்கெண்டே போனனான்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஒருவரோடும் கதைக்கவில்லை அம்மா, போனுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன், உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. அப்படிச் சொன்னால், வெயிலுக்குள் அந்தக் கடைக்கு நடந்துபோய் அவர் கேட்டுவிட்டு வந்த சுகம் முழுவதும் பொய்யாகிவிடும். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நண்பர் தேத்தண்ணீரைத் தொடவில்லை. மடியில் அந்த உறை கிடந்தது.

"ஓம் அம்மா," என்றேன். "சிநேகிதப் பிள்ளையளோடை கதைச்சுக்கொண்டிருந்தனான்."

நல்லது, அப்படித்தான் இருக்க வேணும் என்றார். பிறகு லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் அம்மா கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அவர் கொழும்புக்கு வரவே இல்லை. எங்கள் பக்கத்துக்குப் போன் வரும்வரை அவர் உயிரோடு இருக்கவும் இல்லை. அவர் என் வாயால் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.