நான் உட்கார்ந்து சாப்பிட்ட மூலை

காலைச் சாப்பாட்டுக்கென்று வீட்டில் ஒரு மூலையை எப்படி அழகாக அமைப்பது என்று வாரப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். திரைச்சீலை இந்த நிறம், மெத்தை அந்த நிறம், மேசைமேல் ஒரு பூச்சாடி. எல்லாம் சரிதான். அந்த மூலையில் யார் உட்காருவது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் சண்டையே அதற்குத்தான் நடந்தது.

எண்பதுகளின் நடுவில் குன்னத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்கு வாக்கப்பட்டு வந்தேன். வீடு என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். வந்து பார்த்தால் அது பனியன் கம்பெனி. முன்னறையில் துணி வெட்டும் மேசை, பின்னறையில் தையல் மெசின்கள், மாடியில் தகரக் கொட்டகை போட்டு செக்கிங். கட்டிலுக்கு அடியில்கூட துணி பண்டல் இருந்தது. மிச்சமிருந்த இடத்தில் என் கணவர், அவருடைய அம்மா, நான், மூன்று பேரும் குடித்தனம் நடத்தினோம்.

இடம் இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலைச் சாப்பாட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முதலில் கணவர் வெட்டுமேசையின் ஒரு ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு, பேப்பர் படித்தபடி சுடச்சுடச் சாப்பிடுவார். அடுத்து அத்தை, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் குந்தியபடி, யாரோ துரத்துகிற அவசரத்தில் முடிப்பார். கடைசியில் நான். சமையல் மேடையோரம் நின்றுகொண்டு, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கரண்டியுமாக, ஆறிப்போன தோசையைத் தண்ணீர் விட்டுப்போன சட்னியில் தொட்டுத் தின்ன வேண்டும். அதற்குள் டைலர்கள் வந்துவிடுவார்கள், யாராவது கூப்பிடுவார்கள். தட்டை வைத்துவிட்டு ஓடினால் திரும்பி வரும்போது ஈ உட்கார்ந்திருக்கும். அந்தத் தோசையைச் சுட்டவள் நான். மாவு ஆட்டியவளும் நான். எனக்கு மட்டும் ஏன் ஆறிய தோசை என்று ஒரு நாள் கேட்டேன். பொம்பளைங்க அப்படித்தான் என்று பதில் வந்தது. அப்படித்தான் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அன்றிலிருந்து பற்றிக்கொண்டு வரும்.

அடுப்படியைத் தாண்டிக் கிழக்கே ஒரு மூலை இருந்தது. துணி வெட்டும்போது கழிகிற துண்டுகளை, கட்டிங் வேஸ்ட் என்போம், மூட்டை மூட்டையாக அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சன்னல் இருப்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. கணவர் நூல் வாங்க வெளியூர் போயிருந்த ஒரு நாளில் மூட்டைகளை இழுத்து மாடிப்படிக்கு அடியில் தள்ளினேன். சன்னலைத் திறந்ததும் காலை வெயில் தரையில் வந்து விழுந்தது. உட்காரும் இடத்துக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய அலங்காரம் கிடையாது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எதிரெதிராக இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே கடப்பாக் கல் போட்டேன். வெட்டுமேசை செய்தபோது மிஞ்சிய பலகை, பச்சை சன்மைக்கா ஒட்டியது, ஒன்று கிடந்தது. தச்சரைக் கூப்பிட்டுச் சுவரில் கீல் வைத்து மாட்டச் சொன்னேன். சாப்பிடும்போது மேசை, மற்ற நேரத்தில் சுவரோடு சுவர். காலையில் கடப்பாக் கல் சில்லென்று இருக்கும். அதற்கு மெத்தை வேண்டும். கலர் சரியில்லை என்று திரும்பி வந்த அரக்குச் சிவப்புத் துணி நிறைய இருந்தது. மதிய இடைவேளையில் நானே உறை தைத்து, உள்ளே கட்டிங் வேஸ்ட்டையே திணித்தேன். முதல் மெத்தை கட்டி கட்டியாகி, உட்கார்ந்தால் குத்தியது. அப்புறம் துண்டுகளை விரல் அகலத்துக்குக் கிழித்துப் போட்டேன், பதமாக வந்தது.

திரைச்சீலையில்தான் முட்டாள்தனம் செய்தேன். சன்னலுக்கு மெல்லிய வெள்ளை பனியன் துணியைத் தொங்கவிட்டேன். இரவும் பகலும் பனியன் துணியோடு கிடக்கிறவளுக்கு அது இழுபடும் என்று தோன்ற வேண்டாமா? தன் கனத்திலேயே அது வாரத்துக்கு வாரம் கீழே இறங்கியது. ஒரு நாள் சாம்பாருக்குள்ளேயே வந்துவிட்டது. வெட்டிவிட்டேன், மறுபடி இறங்கியது. கடைசியில் என் பழைய சுங்குடிச் சேலையில் பாதியைக் கிழித்துத் தொங்கவிட்டேன். சுவரில் நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் கோன்களைத் தலைகீழாக வரிசையாக அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு டானிக் பாட்டில் தண்ணீர் வைத்து மணி பிளான்ட் விட்டேன். அது பிடிவாதமாகப் படர்ந்தது. வளர்த்தவளின் குணம் அதற்கும் வந்துவிட்டதாகக் கணவர் சொன்னார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அத்தை தினமும் ஒரு குறை சொன்னார். சன்னலோரம் உட்கார்ந்து தின்றால் போகிறவன் வருகிறவன் பார்ப்பான் என்றார். மெத்தை போட்டுத் தின்ன நாம் என்ன ஜமீனா என்றார். கணவரோ, நல்ல இடம், ஒரு மெசின் போடலாம் என்று வருத்தப்பட்டார். காலையில் அவருக்குத் தட்டு வைத்த கையோடு எனக்கும் இரண்டு சூடான தோசை போட்டுக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்துவிடுவேன். யார் கூப்பிட்டாலும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பேன். அந்த ஒரு வாக்கியத்தை அந்த வீட்டில் பழக்குவதற்குள் எனக்கு ஒரு வருடம் போய்விட்டது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. எதிர்ப்பக்கத்து மெத்தையில் யாரும் உட்காருவதில்லை, ஆனாலும் சாயங்காலம் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருக்கும். பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனைதான் என்று முடிவு செய்து, கண்ணில் படும்போதெல்லாம் விளக்குமாற்றை வீசினேன். நல்ல கனமான பூனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவருக்கு நேரடி எக்ஸ்போர்ட் ஆசை வந்தது. அதுவரை அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் வொர்க்தான். மெட்ராஸிலிருந்து ஒரு ஏஜென்ட் காலையிலேயே கம்பெனியைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். முன்னறையில் கால் வைக்க இடமில்லை. அவரை என் மூலையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடலாம் என்று கணவரே சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. மெத்தை உறைகளைத் துவைத்து மாட்டி, இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பால் எடுத்து வைத்தேன்.

ஏஜென்ட் ஒரு பக்கமும் கணவர் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் சுற்றும் முற்றும் பார்த்து, கோனில் படர்ந்த கொடியைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப அழகாக இருக்கிறது, யாருடைய ஐடியா என்று கேட்டார்.

"நம்முளுதுதானுங்க," என்றார் கணவர். "சும்மா கெடந்த எடம். கம்பெனித் துணியிலயே பண்ணிப்போட்டனுங்க."

அடுப்படி வாசலில் நின்ற அத்தை என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. உள்ளே போனேன். என் தட்டில் சந்தகையை வைத்துக்கொண்டு திரும்பி வந்து கணவரின் பக்கத்தில் நின்றேன்.

"ஏனுங்க, கொஞ்சம் எந்திரிச்சுக்கோங்க. இது நான் உக்கார்ற எடமுங்க."

எங்கள் பேச்சில் ஒரு வசதி உண்டு. சண்டை போடும்போதும் மரியாதை குறையாது. கணவர் சிரித்துப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார். நான் தட்டோடு அப்படியே நின்றேன். கடைசியில் எழுந்தார். தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சமையல் மேடையோரம் நின்று சாப்பிட்டார். பாதியில் எழுந்திருக்கப் போன ஏஜென்டை உட்காரச் சொல்லிவிட்டு, நான் நிதானமாகச் சாப்பிட்டேன். அவர் சங்கடத்தோடு மெத்தைக்குள் என்ன என்று கேட்டார். கட்டிங் வேஸ்ட் என்றேன்.

அந்த ஆர்டர் வரவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். எங்கள் சொந்தபந்தம் முழுக்க ஒரே காரணத்தைத்தான் பேசியது. புருஷனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாளாம், அதனால் போனதாம். இன்றைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் செய்திருப்பேன். மூலையை அவர் வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கட்டும். செய்தவள் நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

கணவர் கத்தவில்லை. பத்து நாள் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு காலையில், நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, இரண்டு ஆட்கள் துணி ஓரம் அடிக்கிற ஒரு புது ஓவர்லாக் மெசினைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பின்னால் கணவர். வேறு இடமில்லை, இங்கேதான் போட வேண்டும் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவ்வளவுதான், இனி ஆயுசுக்கும் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான் என்று தெரிந்தது. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். மெசினின் கனம் தாங்காமல் அந்த ஆட்கள் அதை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள்.

சத்தம் கேட்டு அத்தை வந்தார். நல்லது, வசவுக்கு ஆள் வந்தாயிற்று என்று நினைத்தேன். அவர் மெசினைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஆட்களை விலக்கிவிட்டு வந்து, எனக்கு எதிரே மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தடுமாறவில்லை, உட்கார்ந்து பழகிய இடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

"மெசின முன்னால எங்காச்சும் போடு சாமி," என்றார் மகனிடம். "போட்டுட்டு எனக்கு ரெண்டு இட்லி கொண்டா. சூடா."

கணவர் ஆட்களை முன்னறைக்குப் போகச் சொன்னார். பிறகு அவர் அடுப்படிக்குள் போனார், இட்லிக் குண்டாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கீழே போட்டார்.

அத்தை மேசைமேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இனி அந்தப் பூனைய அடிக்காத அம்மிணி. மத்தியானத்துல இங்க வந்து உக்கார்றது நாந்தான்."