ஆளுக்கு ஒரு பிடி

ஆறுதல் சொல்வதில் எனக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கணக்கில் கிடைத்த பெயர்தான். உபதேசியார் மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜெபப் புத்தகம் வாசிக்கத் தெரிந்த ஒரே கிறிஸ்தவன் கணக்கப்பிள்ளையாகிய நான். கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகைதான் எங்கள் கோயில். அங்கே வாரம் ஆறு நாள் எடை போட்டுத் திட்டு வாங்குவேன். ஏழாம் நாள் அதே ஜனத்துக்குப் பரலோகத்தைப் பற்றிச் சொல்வேன்.

நாங்கள் எல்லோரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கூடவே மலையேறி வந்த வழக்கங்களில் ஒன்று பிடியரிசி. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்து வைப்பது. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், அதற்கு ஒரு திருத்தம் செய்திருந்தார்கள்: வீட்டுக்கு ஒரு பிடி அல்ல, ஆளுக்கு ஒரு பிடி. லயத்துக் கோடியில் ஒரு பானை இருக்கும். சாயங்காலம் பெண்கள் வந்து அதில் போட்டுவிட்டுப் போவார்கள். வெளியூர் போனவனுக்கும் பிடி உண்டு, செத்தவனுக்குத்தான் இல்லை. எந்த வீட்டில் எத்தனை உயிர் என்பதை என் பெயர்ப் பட்டியலைவிட அந்தப் பானை சரியாகச் சொல்லும்.

ஆடி மாதத்தில் என் மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பி ஒடிந்தது. மலையடிவாரத்துப் போடியில் ஓர் ஆசாரியிடம் ஒட்டக் கொடுத்திருந்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் பத்தடிக்கு அப்பால் துரையும் ஒன்றுதான், தூணும் ஒன்றுதான். வாரந்தோறும் தபால் பையோடு போடிக்கு இறங்கி ஏறுகிற தொழிலாளி ஒருவர் இருந்தார். மழை கடுமையாக இருக்கிறது, இந்த வாரம் தபால் போக வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். நான் அந்த ஆளைத் தனியே கூப்பிட்டு, “ஒரு எட்டு போய்ட்டு வந்துருமே” என்றேன். அவரும் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு புதன்கிழமை காலையில் இறங்கினார். அன்று சாயங்காலமே மலை கரைய ஆரம்பித்தது.

அப்படி ஒரு மழையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கண்ணாடி இல்லாததால் அதையும் சரியாகப் பார்க்கவில்லை, கேட்டேன். இரவு பகலாகப் பாறை உருளுகிற சத்தம். பாதை மூன்று இடத்தில் அறுந்துவிட்டது, கீழ்வளைவில் ஒரு சரிவு ஆட்களோடு போய்விட்டது என்று செய்தி வந்தது. எந்த ஆட்கள் என்று செய்திக்குத் தெரியவில்லை.

தபால் கொண்டு போனவரின் மனைவி கொழுந்து எடுக்கிறவள். தினமும் காலையில் பெயர் கூப்பிடும்போது என் முன்னால் வந்து நிற்பாள்.

“அய்யா, எதும் தெரிஞ்சுதா?”

“வந்துருவாரும்மா. ஆண்டவர் பாத்துக்கிடுவாரு.”

மூன்று நாளும் இதே கேள்வி, இதே பதில். அவர் தபாலுக்காகப் போனார் என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ள முயன்றேன். துன்பத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியதையெல்லாம் படித்து வைத்திருந்தேன். அவர்களில் ஒருவர்கூடக் கண்ணாடி வாங்கிவர ஆள் அனுப்பியதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிரயாணத்தில் இருப்பவர்களுக்கான ஜெபத்தை வாசிப்பதாக ஏற்பாடு. புத்தகத்தை மூக்கில் ஒட்டிப் பிடித்தால் எனக்கு எழுத்து தெரியும். ஆனால் சபைக்கு முன்னால் ஜெபப் புத்தகத்தை முகர்ந்து பார்க்க மானம் இடம் கொடுக்கவில்லை. எல்லாம் மனப்பாடம்தானே என்று, அடையாள நூல் கிடந்த பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிக் கம்பீரமாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். அந்த மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு மூன்று பேரை அடக்கம் பண்ணியிருந்தோம். நூல் அங்கேயே கிடந்தது. வாய்க்கும் அந்த வழி பழகியிருந்தது. அடக்க ஆராதனையின் முதல் வசனத்தை முழங்கி முடித்த பிறகுதான் கொட்டகையின் அமைதி என் காதில் விழுந்தது.

பிறகு ஒரு கிழவி ஒப்பாரியை எடுத்தாள். எனக்குச் செய்தி வந்துவிட்டது, வாயால் சொல்ல மாட்டாமல் வாசித்துக் காட்டுகிறேன் என்று எல்லோரும் எண்ணிவிட்டார்கள். போனவரின் மனைவி எழுந்து என் எதிரே வந்தாள்.

“எப்பம் தெரியும் ஒங்களுக்கு?”

“இல்லம்மா. ஒண்ணும் தெரியாது. எனக்குக் கண்ணு தெரியல. பக்கம் மாறிப் போச்சு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. துரை வேண்டாமென்று சொன்னது, நான் அனுப்பியது, கண்ணாடி, ஆசாரி, காதுக் கம்பி, அத்தனையையும் சபை முன்னிலையில் கொட்டினேன். அடிக்கிறவர்கள் அடிக்கட்டும் என்று புத்தகத்தை மூடிக்கொண்டு நின்றேன்.

“அது எனக்குத் தெரியுமே” என்றாள். “அவுக சொல்லிட்டுத்தான் போனாக. கணக்கய்யாவுக்குக் கண்ணாடி இல்லாம ஒன் எடையில தெனம் ரெண்டு றாத்தல் கொறையுது, நான் போய் வாங்கிட்டு வந்துருதேன்னு.”

தினமும் காலையில் அவள் என்னிடம் கேட்டது செய்தியைத்தானா என்று அப்போது சந்தேகம் வந்தது. இன்றுவரை தீரவில்லை.

“இப்பம் வழியில உள்ளவுகளுக்கு உள்ள ஜெபத்த வாசிங்க. மூக்குல வச்சே வாசிங்க. யாரும் சிரிக்க மாட்டோம்.”

வாசித்தேன். கங்காணி வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் லயமே பானையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் அரிசியை அளந்து கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம். அவள் ஒரு பிடி போட்டாள். சற்று நின்று, இன்னொரு பிடி போட்டாள்.

“ஏளா, அரிசி கெடக்கிற கெடையில, ஒண்ணு போட்டாப் போதாதா?” என்றாள் கிழவி.

“அவுக இவரு வாயால செத்துட்டாப் போதுமாக்கும்?” என்று அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். “எனக்கு ஆண்டவர்ட்ட இருந்து தாக்கல் வரட்டும்.”

மறுநாள் கங்காணி வீட்டுக்காரி தன் கணக்குக்கு மேல் ஒரு பிடி கூடப் போட்டாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் பாதி லயம் அப்படிப் போட்டது. தனிக்கட்டையான நானும் இரண்டு பிடி போட்டேன். கடையில் அரிசி தீர்ந்த அன்று, பானை அரிசியைக் கோயில் மணிக்கென்று வைத்திருந்தோமே என்று நான் கொஞ்சம் முனகினேன். போனவரின் மனைவி அதைக் கேட்கவில்லை. கஞ்சி காய்ச்சினாள். மண் சரிந்து கூரை போன மேல் லயத்துக்காரர்களுக்கும் ஊற்றினாள். அவர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள். எங்கள் ஆளுக்கும் சேர்த்து அம்மனிடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். உபதேசியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நான் கஞ்சியைக் குடித்தேன்.

பத்தாம் நாள் மழை விட்டு வெறித்திருந்தது. எதிர் மேட்டில் ஆட்கள் வருகிறார்கள் என்று சத்தம் கேட்டு ஓடினேன். அவர் மனைவி எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை, அதன் மேல் சாம்பல்.

“எத்தன பேரும்மா? கம்பளி தெரியுதா?”

“பேசாம இருங்க. நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் பாக்கேன்.”

கண்ணை மூடினேன். என்னைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. பக்கத்தில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கண்ணைத் திறந்தபோது அவள் பக்கத்தில் இல்லை; பாதி மேடு இறங்கிவிட்டாள் என்றார்கள்.

அவர் தேவாரம் என்கிற ஊர்ப் பக்கமாகச் சுற்றி, வேறொரு மலை ஏறி வந்திருக்கிறார். கால் இரண்டும் வீங்கி, கன்னம் ஒட்டி. உட்காருவதற்கு முன்னால் மடியை அவிழ்த்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஒரு கீறல் இல்லை. காதுக் கம்பி புதிதாகப் பளபளத்தது.

மாட்டிக்கொண்டேன். முதலில் தெரிந்தது அவள் முகம். பத்து நாளாக அது எப்படி இருந்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

“எப்படிய்யா இருக்கு?” என்றார் அவர். “சரியாத் தெரியுதா?”

“கொஞ்சம் கூடுதலாத் தெரியுது” என்று சொல்லிக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.