அடுப்புக்கு இடமில்லாத வீடு

போன சனிக்கிழமை காலையில் ஒரு வாளி, பிள்ளைகள் உருட்டி விளையாடும் ஒரு கண்ணாடிப் போளை, ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றி, என் ஃபோன் சார்ஜர்... இவ்வளவையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனேன்.

புது வீட்டு வாசலில் நின்றிருந்த சூசை பாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன டீச்சர், குளிக்க வந்தீங்களா, போளை அடிக்க வந்தீங்களா?"

"வீட்டைச் சரி பாத்துப் பாரம் எடுக்க வந்தேன் பாஸ். குறை இருந்தா இன்னைக்கே சொல்லிடுவேன். பெறகு கோவிக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் மேசனும் பாஸ், தச்சரும் பாஸ். ஆள் வைத்து மொத்த வேலையையும் எடுத்துச் செய்பவர் என்றால் அவரும் பாஸ்தான், கொஞ்சம் தொந்தி கூடியிருக்கும். சூசை பாஸ் அந்த மூன்றாவது ரகம். நல்ல மனிதர். ஆனால், கட்டியவரே "எல்லாம் ஓகே" என்று சொன்னால் நம்பிவிட முடியுமா? பரீட்சை எழுதிய பிள்ளையிடமே பேப்பரைத் திருத்தக் கொடுப்பதா? முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனா பிடித்தவள் நான். ஒரு வாரமாக யூடியூப் பார்த்து, புது வீட்டில் எதை எதைச் சோதிக்க வேண்டும் என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

வீடு என்னுடையதல்ல. கனடாவில் இருக்கிற என் தம்பி ஜெரோமுடையது. தம்புள்ளைக்குப் பக்கத்தில் நாவுலவில் அப்பா வாங்கிப் போட்ட காணியில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு. என் பாதியில் பழைய வீடும் நானும். அவன் பாதியில் இத்தனை காலமும் ஒரு பலா மரமும் புல்லும்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்பார்கள். பழகிவிடும்தான்... பேச்சு மட்டும் பழக மாட்டேன் என்கிறது. சில நாட்களில் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிச் சாமான் விற்க வரும் பாண்கார ஆட்டோவை நிறுத்தி, "ரெண்டு பணிஸ் தாங்க" என்று கேட்பதுதான் என் முதல் வார்த்தை. அதன் பிறகு இரவு செபம் சொல்லும்வரை வாய் திறக்கும் வேலை இருக்காது. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறிச் சத்தம்தான் வீட்டுக்குள் வந்து போகும்.

அப்படி இருந்தபோதுதான் போன வருடம் ஜெரோம் ஒருநாள் வட்ஸ்அப்பில் வந்து சொன்னான். "அக்கா, நம்ம காணியில ஒரு வீடு கட்டலாம்னு இருக்கோம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அவன் சொன்னது அந்த ஒரு வசனம்தான். மீதியை நானே எழுதிக்கொண்டேன். வீடு கட்டுகிறவன் வரத்தானே கட்டுவான்? அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். சாயங்காலம் தேத்தண்ணீர் போட்டால் ஐந்து கோப்பை வைக்க வேண்டியிருக்கும். ஒருத்தருக்குச் சீனி கூட, ஒருத்தருக்குச் சீனி குறைவு என்று சண்டை வரும். பங்குக் கோவிலில் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் – தம்பி வருகிறான்.

வீட்டுப் பிளான் ஃபோனிலேயே நேராக பாஸுக்குப் போய்விட்டது. "நீங்க சும்மா பாத்துக்கங்க அக்கா" என்றான் ஜெரோம். நானும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வலிக்காரி, மணல் குவியலில் ஏறி இறங்க முடியுமா? ஆக, வீட்டுக்குள் ஒழுங்காகக் கால் வைத்தது அந்தச் சனிக்கிழமைதான்.

முதலில் எல்லோரும் உட்காரும் ஹோல். போளையைத் தரையில் வைத்தேன். எந்த மூலைக்கும் ஓடாமல் வைத்த இடத்திலேயே நின்றது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். பாஸ் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்தது டைல்ஸ். குற்றியால் தட்டிக்கொண்டே போனேன். சன்னலோரம் ஒரு டைலில் மட்டும் வெறும் டப்பாச் சத்தம். அடியில் சீமெந்து சரியாகப் போகவில்லை.

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும் டீச்சர்."

"அந்த ஒண்ணு ரெண்டைக் கழட்டித் திரும்பப் பதிங்க பாஸ்."

பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அது வடிகாலுக்குப் போகாமல் கதவைப் பார்த்து வந்தது. பாஸ் குனிந்து பார்த்தார்.

"ஒரு நூல் ஏறிடுச்சு. திருத்திடலாம்."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அந்த ஒரு நூல் உயரத்துக்கே தண்ணீர் திசை மாறிவிடுகிறது, பாருங்கள். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா!

பிறகு அறைகள். நாலு அறை. நாலுக்கும் தனித்தனி பாத்ரூம். கனடாவில் இருந்து பழகியவர்கள், காலையில் வரிசையில் நிற்க மாட்டார்கள் என்று பாஸுக்கு நானே விளக்கம் சொன்னேன். ஒவ்வொரு அறைக் கதவிலும் வாசல் கதவுக்குப் போடுவது போன்ற பெரிய பூட்டு, தனிச் சாவி. வளர்ந்த பிள்ளைகள், அவர்களுக்குத் தனிமை வேண்டும் என்றேன். ஒவ்வொரு அறை மூலையிலும் மேசை உயரத்தில் ஒரு ப்ளக் பொயிண்ட். சார்ஜரைக் குத்திப் பார்த்தேன், வேலை செய்தது. படிக்கிற பிள்ளைகளுக்கு லேப்டொப் வைக்க என்றேன்.

"இது ஜெரோமும் அவன் பொஞ்சாதியும். இது மகன். இது மகள். அந்த நாலாவது யாராவது வந்தா தங்க... இல்ல பாஸ்?"

நான் ஒவ்வொரு அறையாகப் பங்கு வைக்க வைக்க பாஸின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வாசலில் என்னைக் கேலி செய்த மனிதர் இப்போது வெறும் "ம்... ம்..." போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், தம்பி உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அவன் எல்லாம் சொல்லுவான். என்கிட்ட சொல்லாம அவன் எதுவும் செய்ய மாட்டான்," என்றேன். என்ன மிதப்பு!

கடைசியாகக் குசினி. ஒரு சின்ன மேடை, ஒரு சிங்க், ஃபிரிட்ஜ் வைக்க ஓர் இடம். அவ்வளவுதான். நான் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். கேஸ் சிலிண்டர் வைக்க இடமில்லை. அடுப்பு வைக்க அந்த மேடையில் அகலமில்லை. புகை போக வழியில்லை.

"பாஸ், அடுப்பை விட்டுட்டீங்களே! எங்க வச்சுப் பால் காய்ச்சுறது?"

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம்தான். ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். ஆனாலும் புது வீட்டில் பால் பொங்காமல் குடிபோக மாட்டோம். அதற்கு அடுப்பு வேண்டாமா?

பாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"விடலீங்க. உங்க தம்பி சார்தான் அடுப்பு வேணாம்னுட்டாரு. வர்றவங்க டீ போட ரூமுக்கு ஒரு கெட்டில் போதும்னாரு."

"வர்றவங்களா? யாரு?"

"டூரிஸ்ட் ஆளுங்கதான். சீகிரியா, தம்புள்ளை பாக்க வர்றாங்கல்ல... ரூம் ரூமா குடுக்கிறதுக்கு."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி என்றேன். அழுகை வந்தது, அதுதான் உண்மை. நாலு பாத்ரூம், நாலு பூட்டு, நாலு ப்ளக் பொயிண்ட்... எல்லாம் முகத்துக்கு நேரே இருந்திருக்கிறது. ஒரு டைலுக்குக் கீழே சீமெந்து இல்லாததைக் கண்டுபிடித்த கெட்டிக்காரிக்கு இது தெரியவில்லை!

"மனசை விடாதீங்க டீச்சர்," என்றார் பாஸ். "நான் வெளிநாட்டு ஆளுங்களுக்கு எத்தனை வீடு கட்டியிருக்கேன். பாதி வீடு பூட்டித்தான் கெடக்கு. இதுலயாவது லைட் எரியும், ஆள் வந்து போகும்."

ஆறுதல்தான் சொன்னார். ஆள் வந்து போகும் என்றதுதான் எனக்கு வலித்தது.

அன்று சாயங்காலம், ஜெரோமுக்கு அங்கே விடிந்திருக்கும் நேரம் பார்த்து வீடியோ கோல் எடுத்தேன். வேலைக்குப் போகும் உடுப்போடு மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"எப்படிக்கா வீடு? எல்லாம் சரியா?"

"பாத்ரூம்ல ஒரு நூல் ஏறியிருக்கு, திருத்துறாங்க. ஏன்டா, அடுப்பு எங்கடா வைக்கிறது?"

மேசையில் இருந்த கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அக்கா... அது வாடகைக்கு விடத்தானே கட்டுறோம். நான் சொன்னேன்ல?"

"சொல்லலையே."

"இவ சொல்லியிருப்பான்னு நெனச்சேன்." அவன் மனைவியும் இவன் சொல்லியிருப்பான் என்று நினைத்திருப்பாள். என்ன செய்வது?

"அப்ப நீங்க வரலையா?"

"வராம? லீவுக்கு வருவோம்ல."

"வந்தா எந்த ரூம்?"

"எது காலியா இருக்கோ, அதுல."

"என் வீட்டுல தங்க மாட்டீங்களா?"

"உங்களுக்கு எதுக்குக்கா கஷ்டம்? சமைக்கணும், கொள்ளணும்..."

"எனக்கு அந்தக் கஷ்டம்தாண்டா வேணும்!"

கத்திவிட்டேன். இத்தனை வயதில் நான் அவனிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அவன் ஃபோனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டான் போல. முகம் போய், அவன் வீட்டு சீலிங் தெரிந்தது. வெள்ளைச் சீலிங்கில் பழுப்பாக ஓர் ஈரக் கறை. நடுவில் கறுத்து, ஓரம் விரிந்துகொண்டு போகிறது. நாள் முழுக்கக் குறை தேடிய கண் அல்லவா... அதில்தான் போய் நின்றது.

"உன் வீட்டு சீலிங் ஒழுகுதுடா."

எங்கிருந்தோ அவன் குரல் மட்டும் வந்தது. "தெரியும்கா. ரெண்டு வேலை செய்யிறேன். திருத்த நேரமே வர மாட்டேங்குது."

அதற்குப் பிறகு அவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அவன் அங்கே எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம், முகத்தை மட்டும். மேலே உள்ள சீலிங்கைக் காட்டாத கோணத்தில் ஃபோனைப் பிடிக்க இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

"பால் காய்ச்சணுமே," என்றேன், பேச்சை மாற்ற.

"கெட்டில்ல காய்ச்சிடுங்கக்கா."

கெட்டிலில் பால் பொங்குமா? சூடேறினதும் அது தானாகவே ஓஃப் ஆகிவிடும். பொங்கிவிடக் கூடாது என்பதற்காகவே செய்த சாமான் அது. இந்தக் காலத்தில் பாசமும் அப்படித்தான் ஆகிவிட்டதோ என்று எழுத ஆசை. ஆனால் இரண்டு வேலை செய்கிறவனைப் பற்றி அப்படி எழுத மனம் வரவில்லை. "வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்று ஃபோனை வைத்தேன்.

பாத்ரூம் தரையைத் திருத்தி, அந்த டைலையும் மாற்றிவிட்டு, புதன்கிழமை மாலை சூசை பாஸ் சாவிக்கொத்தைக் கொண்டு வந்து தந்தார். வாசலுக்கு ஒன்று, அறைகளுக்கு நாலு. வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பதும் வாங்குவதும் இனி என் வேலை. காலையில் பால் காய்ச்சும்போது வரச் சொன்னேன். "லக்கலைப் பக்கம் புது வேலை டீச்சர், விடிய முன்ன போகணும்," என்றார் பாவம்.

ஆக, வியாழக்கிழமை விடியற்காலையில் என் வீட்டுக் குசினியில், என் கேஸ் அடுப்பில், புது மண் சட்டியில் பாலை வைத்தேன். பொங்கியதும் கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் நாலு அறையிலும் ஒவ்வொரு சொட்டுத் தெளித்தால் போயிற்று. கர்த்தர் கோபிக்க மாட்டார்.

அங்கே அவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். ஃபோனில் நாலு முகமும் முண்டியடித்துக்கொண்டு தெரிந்தது.

"கிட்டக் காட்டுங்கக்கா, பொங்குறது தெரியணும்!"

கிட்டே காட்டினேன். ஒரு கையில் ஃபோன். மண் சட்டி கேஸ் அடுப்பில் நிற்காமல் ஆடும், அதை இன்னொரு கையால் துணி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பால் நுரைத்து ஏறியது. அங்கே நாலு பேரும் கை தட்டினார்கள். ஏறிய பால் விளிம்பைத் தாண்டி, சட்டியைச் சுற்றி வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டது. சட்டியை விட்டுவிட்டு அவசரமாக கேஸை மூடினேன்.

"எந்தப் பக்கம்கா பொங்குச்சு?" என்றான் ஜெரோம்.

"எல்லாப் பக்கமும்."

"எல்லாப் பக்கமுமா! ரொம்ப நல்ல சகுனம்கா!" அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் மறுக்கவில்லை.

அடுப்பைக் குறைக்க இன்னொரு கை இல்லாத வீட்டில் பால் எல்லாப் பக்கமும்தான் பொங்கும்.