வியாழக்கிழமைக் கட்டம்

பென்சிலைச் சீவி, தூளை மேசை ஓரத்துக்கு ஊதிவிட்டு, வருகைப் பதிவேட்டில் அடுத்த வாரத்துப் பக்கத்தை விரிக்கிறார் அனுசுயா அக்கா. சனிக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு இதுதான் வேலை. எண்பத்து நான்கு பெயர்கள், கடைசி வரியில் அவருடையதும்; ஆறு நாட்கள். கட்டத்துக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போகிறார். இன்னும் விடியாத நாட்களுக்கு, இன்னும் வந்து சேராத ஆட்களுக்கு. அந்தந்தக் காலையில் ஆளைக் கண்டதும் புள்ளியின்மேல் பேனாவால் ஓர் இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. "தெனம் முக்கா மணி நேரம் மிச்சம்" என்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் ஆபீஸ் இது. நான் பெருக்கித் துடைத்து டீ போடுகிறவள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை மூன்று போன்களும் மாறி மாறி அடிக்கும். எதிர்முனையில் இருப்பவர் பெயர் சொல்லும் முன்பே அக்கா, "ரெண்டு பேர் கொறையுது, ஆள் வந்துகினு இருக்கு" என்று வைத்துவிடுவார். அது சரியாகவும் இருக்கும். ரப்பர் ஸ்டாம்ப்பை நூலில் கட்டி மணிக்கட்டில் தொங்கவிட்டிருக்கிறார். வருகிறவர்கள் உட்கார நாற்காலி போடுவதில்லை. டீயை ஆற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஊதிக் குடிக்க அவருக்கு நேரம் கிடையாது.

சில கட்டங்களை மட்டும் புள்ளி வைக்காமல் தாண்டிவிடுவார். அந்த ஆள் அன்றைக்கு வரமாட்டார் என்று அர்த்தம். அவருக்குப் பதிலாக ஒருவரை முந்தின நாளே சொல்லிவைத்துவிடுவார். "எல்லாரும் வந்த நாளுன்னு இந்தப் பதினோரு வருஷத்துல ஒண்ணு கூட கெடையாது. யாராவது ஒருத்தர் கொறைவாங்க. அது யாருன்னு முன்னாடியே பாத்துட்டா டென்ஷன் இல்ல." பார்ப்பதற்கு அவரிடம் மந்திரம் எதுவுமில்லை. புதுப் புடவைப் பை, தொண்டைக் கரகரப்பு, குழந்தையின் தடுப்பூசி அட்டை, இவை போதும். பூந்தமல்லியிலிருந்து வரும் பேக்கிங் மஹ்ஜபீன் சனிக்கிழமைதோறும் மேசைமேல் எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "எனக்குப் புள்ளி கீதாக்கா? இல்லன்னா சொல்லிடு, இன்னிக்கே பிரியாணி துன்னுட்றேன்."

அந்தக் கிண்டல் ஆடி மாதத்தோடு நின்றது. லோடிங் நாகேந்திரனின் வரியில் செவ்வாயிலிருந்து சனி வரை ஐந்து கட்டங்கள் காலியாக இருந்தன. திங்கட்கிழமை வந்தார். செவ்வாய்க்கிழமை விடிகாலை குளிக்கப் போனவர் விழுந்து, பிறகு எழவேயில்லை. ஆபீஸ் முழுக்க அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தது. டீ டம்ளரை நான் எடுக்கும்போதுதான் அக்கா மெதுவாகச் சொன்னார். "சனிக்கிழம கையெழுத்து போட பேனாவ எடக்கையால எடுத்தாரு. வலது கை மரத்துப் போச்சுன்னு உதறினாரு. ஆஸ்பத்திரிக்குப் போவாரு, லீவு போடுவாருன்னு நெனச்சேன்." அதை நினைத்தவர் நாகேந்திரனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாற்று ஆளுக்கு மட்டும் போன் போட்டிருந்தார். கேட்டிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அதன்பிறகும் புள்ளிகள் நிற்கவில்லை. சனிக்கிழமை மாலை ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். தன் வரியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார்கள்.

போன சனிக்கிழமை ஒரே ஒரு கட்டம் அவர் பென்சிலை நிறுத்தியது. வேன் ஓட்டும் வேம்புலியின் வியாழக்கிழமை. வேம்புலிக்குக் காய்ச்சலில்லை, வீட்டில் விசேஷமில்லை. பென்சில் மூன்று முறை அந்தக் கட்டத்துக்கு வந்து, மூன்று முறையும் தாண்டியது. அந்தத் தடவை அக்கா ஆளைக் கூப்பிட்டே சொன்னார், வியாழக்கிழமை வராதே என்று.

வேம்புலி நின்றபடியே சிரிக்கப் பார்த்தார். "நா வரலன்னா வெள்ளானூர்ல பதினெட்டு பேரு ரோட்ல நிப்பாங்க. என் வண்டிய வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். நீயே ஒரு புள்ளி வெச்சுடுக்கா, இன்னா போவுது?"

"கை போவலப்பா" என்றார் அக்கா.

வேம்புலியின் சிரிப்பு அதற்குப் பிறகு வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேனை நிறுத்திவிட்டு, டயர்களைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அக்கா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது, நாலு முறை அடித்த பிறகுதான் எடுத்தார்.

இன்று வியாழக்கிழமை. ஏழு ஐம்பதுக்கு வரவேண்டிய வேன் எட்டு மணிக்கும் வரவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கம்பெனிக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நின்றார்கள். வேம்புலியின் போன் அணைந்திருந்தது. எட்டே கால். நான் வைத்த டீயின்மேல் ஆடை படிந்தது.

எட்டு இருபத்தைந்துக்கு வேன் திரும்பும் சத்தம் கேட்டது. மஹ்ஜபீன்தான் எண்ணினாள். பதினெட்டு பேரும் இறங்கினார்கள். கடைசியாக வேம்புலி, சட்டையெல்லாம் வியர்வையாக உள்ளே வந்தார். ஆவடி தாண்டுகிற வரைக்கும் இருபதுக்கு மேல் ஓட்டவில்லையாம். போனை வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டாராம். "வந்துட்டேன்கா. இங்க் போடு."

அக்கா பேனாவை எடுக்கவில்லை. முதலில் பென்சிலால் அந்தக் காலிக் கட்டத்தில் புள்ளி வைத்தார். பிறகு அதன்மேல் பேனாவால் இழுத்தார். வேம்புலி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் யாரோ அவர் முதுகில் தட்டினார்கள்.

அக்கா வியாழக்கிழமைக் கட்டங்களின்மேல் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். எண்பத்து நான்கும் நிறைந்திருந்தன. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஒருவரும் குறையவில்லை. மறுபடி மேலே போய், மெதுவாக இன்னொரு முறை எண்ணினார். மூன்று போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. விரல் கடைசி வரியில், அவருடைய சொந்தப் பெயரில் வந்து நின்றது. பக்கத்துக் கட்டம் வெள்ளிக்கிழமை. ரப்பரை எடுத்து, அதிலிருந்த புள்ளியை அழித்தார். தூளை மேசை ஓரத்துக்கு ஊதிவிட்டார்.