ஐந்து சட்டைப் பயிற்சி

பயிற்சி நிலையத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. விவசாயத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, தோட்டக் கூலிகளுக்குத் தொழிற்பயிற்சி நடத்துகிற வேலையில் சேர்ந்தவள். பூச்சிமருந்து தெளிப்பது, சொட்டுநீர்க் குழாயைச் சரிசெய்வது, பழங்களைத் தரம் பிரிப்பது என்று பல பாடங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நாள். முடித்தால் சான்றிதழ்.

அவளைப் பெற்றவர்களும் கூலிகள்தான். வெயிலில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர்கள். அதனால் சேர்ந்த புதிதில் அவளுக்கு ஒரு வெறி இருந்தது. மருந்தடிக்கிற டேங்கை மேசைமேல் வைத்து, பிரிக்க முடிந்த பாகங்கள் அத்தனையையும் கழற்றிப்போட்டு, "இப்ப நீங்க மாட்டுங்க பார்க்கலாம்" என்பாள். மாட்டத் தெரியாதவரை வீட்டுக்கு விடமாட்டாள். அப்படியே எட்டு வருடம் ஓடியது.

அப்புறம் புது இயக்குநர் வந்தார். நல்ல பேச்சுக்காரர். யாரையும் அதட்டமாட்டார், எல்லோரையும் 'அம்மா', 'ஐயா' என்பார். வந்த மூன்றாவது வாரம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"வருஷத்துக்கு நானூறு பேருக்குப் பயிற்சி குடுக்கறீங்க. மேலிடத்துல ரெண்டாயிரம் கேக்கறாங்கம்மா."

"ஒரு வகுப்புக்கு அஞ்சு நாள் ஆகுது சார். இருக்கறது நான் ஒருத்திதான்."

"அஞ்சு நாள் வேலையை விட்டுட்டு வர அவங்களுக்கும் கஷ்டம்தானே? ஒரே நாள்ல முடிச்சு விடுங்க. அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

"சான்றிதழ்ல அஞ்சு நாள்னு போட்டிருக்கே?"

"போட்டோ இருந்தாப் போதும்மா" என்று சிரித்தார்.

அந்த ஏற்பாடு இப்படி நடந்தது. வருகிறவர்கள் ஆளுக்கு ஐந்து சட்டை எடுத்துவர வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் அவள் பேசுவாள். பிறகு ஒரு போட்டோ. உடனே ஆண்கள் வராந்தாவிலும் பெண்கள் சாமான் அறையிலும் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருவார்கள். கரும்பலகையில் தேதியை அழித்து அடுத்த தேதி எழுதுவார்கள். மறுபடியும் போட்டோ. சுவர்க்கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைக் கழற்றிவிட்டார்கள். முகமூடிப் பெட்டியை மேசைமேல் வைத்துப் படம் எடுத்ததும் மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மதியத்துக்குள் ஐந்து நாள் முடிந்துவிடும்.

முதல் தடவை அவளுக்கு வாயில் தலைமுடி சிக்கியதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்கப் பிடிக்கவில்லை. பத்தாவது தடவை ஒன்றும் தோன்றவில்லை. "சீக்கிரம் மாத்திட்டு வாங்க, நேரமாகுது" என்று அவளே அதட்டினாள். மற்ற எல்லாவற்றையும்விட, தனக்கு அது பழகிப்போனதுதான் பின்னாளில் அவளை அதிகம் குமட்ட வைத்தது.

இப்படிச் சட்டை மாற்றிய ஒரு கூட்டத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். சும்மா இருக்காமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால் கூட வந்தவர்கள் அவளை வாயாடி என்றார்கள்.

"டீச்சர், அந்த முகமூடியை எப்படிப் போடறதுன்னு ஒரு தடவை காட்டுங்களேன்."

"அப்புறம் காட்டறேன். முதல்ல நாலாவது சட்டையைப் போடுங்க."

"மருந்து வர்ற வாய் அடைச்சுக்கிட்டா என்ன செய்யணும் டீச்சர்?"

"எல்லாம் புத்தகத்துல இருக்கு, படிச்சுக்கோங்க."

"எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதுக்குள்ள பயிரே விளைஞ்சிடும்" என்றாள் வாயாடி. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். அன்றே வாயாடிக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதன் அடியில் டீச்சரின் கையெழுத்து.

ஏழு மாதம் கழித்து ஒரு பழத்தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது வாயாடியின் டேங்கில் மருந்து வரும் வாய் அடைத்துக்கொண்டது. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் எப்போதும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அதைக் கழற்றி உதட்டில் வைத்து ஊதினாள். அரை மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளக் கீழே விழுந்தாள். பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் பிழைத்தாள். கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் எடுக்க முடியவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். தோட்டத்துக்காரர் ஒரே ஒரு தாளைத்தான் நீட்டினார். வாயாடியின் சான்றிதழ். "இவங்க அஞ்சு நாள் முறையாப் பயிற்சி எடுத்தவங்க. வாயால ஊதக் கூடாதுன்னு பயிற்சிப் புத்தகத்துல பதினாலாம் பக்கத்துலயே இருக்கு. தெரிஞ்சே செஞ்சா நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

கூலிக்காரியைக் காப்பாற்ற வேண்டிய தாள் தோட்டத்துக்காரருக்குக் கேடயமாகிவிட்டது. சாட்சி சொல்ல டீச்சருக்குக் கடிதம் வந்தது.

இயக்குநர் அவளை உட்காரவைத்து, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். "பயிற்சி குடுத்தேன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பொய்யும் இல்லையே, நீங்க பேசத்தானே செஞ்சீங்க?"

"பதினாலாம் பக்கத்தை நான் தொடவே இல்லையே சார்."

"அவங்க படிச்சிருக்கலாமே. எல்லாத்தையும் நாமளே ஊட்டிவிட முடியுமாம்மா? இந்த மாதிரி ஜனங்க..." என்று ஆரம்பித்தவர், அவளுடைய அப்பா அம்மா யார் என்பது நினைவுக்கு வந்ததும் இருமிக்கொண்டார்.

அவள் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

அவளுடைய கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். அன்று சாயங்காலம் கையில் கிரீஸ் கறையோடு கதவருகில் நின்று முழுக் கதையையும் கேட்டார்.

"உண்மையைச் சொன்னா உன் வேலை போயிடும், இல்லையா?"

"போகும்."

"பொய் சொன்னா?"

"சாப்பாடு இறங்காது."

"ரெண்டு மாசமா ஏற்கனவே இறங்கலையே. தட்டைக் கழுவறது நான்தான், எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். கை கழுவப் போய்விட்டார்.

விசாரணை அறையில் அவள் நின்றபடியே பேசினாள். "இவங்களுக்கு யாரும் பயிற்சி குடுக்கல. ஒரே நாள்ல அஞ்சு சட்டை மாத்தவெச்சுப் போட்டோ எடுத்தோம். கையெழுத்துப் போட்டது நான்தான்." யாரும் நம்பவில்லை. போட்டோக்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஐந்து போட்டோவிலும் வாயாடியின் கட்டைவிரலில் அதே துணிக்கட்டு. அதில் அதே கறை, அதே இடத்தில்.

வாயாடி பழியிலிருந்து தப்பினாள். அவளுடைய வைத்தியச் செலவைத் தோட்டம் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பானது. டீச்சருக்கு வேலை போயிற்று. பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது குற்றம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் அவளுக்கு மறுப்பில்லை. ஆனால் போடச் சொன்னவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இயக்குநரைப் பெரிய அலுவலகத்துக்கு மாற்றினார்கள், இன்னும் பெரிய நாற்காலியில். பயிற்சித் திட்டத்தை மூடி, நாலே மாதத்தில் வேறு பெயரில் திறந்தார்கள்.

ஒருநாள் அவள் வாயாடியைப் பார்க்கப் போனாள். ஒற்றை அறை வீடு. வாயாடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"நன்றி சொல்வேன்னு வந்தீங்களா?"

"இல்ல."

"அன்னிக்கு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா டீச்சர், நான் கேட்டதைச் சொல்றதுக்கு?"

 டீச்சருக்குத் தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வரும்போது தயார்செய்திருந்த வாக்கியங்கள் எல்லாம் இப்போது அந்த இயக்குநரின் பேச்சைப் போலவே வழவழப்பாகத் தோன்றின. 

வாயாடியே பேசினாள். "என் தங்கச்சி அடுத்த மாசம் மருந்தடிக்கப் போறா. வேற வேலை இல்ல. அவளுக்குச் சொல்லிக்குடுங்க. முழுசா."

மறுநாளே டீச்சர் ஒரு பழைய டேங்கோடு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்மேல் வைத்து வகுப்பு. மாணவி ஒருத்திதான். மூன்றாம் நாள் தங்கச்சி சலித்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து இதையே கழட்டி மாட்டச் சொல்றீங்களே!"

உள்ளேயிருந்து வாயாடியின் குரல் வந்தது. "கழட்டுடி. அவங்க எனக்கு இன்னும் நாலு நாள் பாக்கி தரணும்."

அந்தத் தங்கச்சிக்குப் பிறகு அந்தத் தெருவில் இன்னும் ஒன்பது பேர் கற்றுக்கொண்டார்கள். சான்றிதழ் கிடையாது என்றதும் பாதியில் போனவர்களும் உண்டு. அவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. அந்தத் தாள் இல்லாமல் பல தோட்டங்களில் வாசலைத் தாண்ட விடுவதில்லை.

இப்போது அவளுக்கு ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. போகிற பஸ் பழைய பயிற்சி நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். புதுப் பெயர்ப்பலகையில் சிரிக்கிற கூலிகளின் படம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அருவருப்பில் வாயில் எச்சில் திரளும். பஸ்ஸில் துப்பக் கூடாதே என்று விழுங்கிக்கொள்வாள்.